ஆண், பெண் உடல்நலமும் அகிம்சாணுவிரதமும்

தமிழகத்துச் சமணச் சான்றோர் சிலர் தாம் இயற்றிய அறநூல்களுக்கு மருந்துகளின் பெயர்களைச் சூட்டினர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. முன்னது ஐந்து சிறு வேர்களால் ஆகிய மருந்தின் பெயர். பின்னது ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் கூடிய சூரணத்தின் பெயர். உடலுக்கு மருந்து எவ்வாறோ, உயிருக்கு அறம் அவ்வாறு என்பது அவர்தம் கருத்து. உடல் நலமாக இருந்தாலன்றி விரதம், பூஜை, சுவாத்தியாயம், தானம் ஆகிய எதுவும் முறையாக நடைபெறாது. ஆதலின், உடலைப் பற்றிய அறிவும் இல்லறத்தார்க்கு நன்ஞானத்தின் ஒரு பகுதியே ஆகும்.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்து, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய புறநகர்ப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களை மனத்திற்கொண்டு இப்பாடத்தை அமைத்துள்ளோம். ஒரே இல்லத்தில், ஒரே சமையலை உண்டு, ஒரே நெறியில் நிற்கும் கணவனுக்கும் மனைவிக்கும் நோய்கள் ஏன் வேறுபடுகின்றன? அவ்வேறுபாட்டில் இயற்கையின் பங்கு எவ்வளவு? பழக்கத்தின் பங்கு எவ்வளவு? இல்லத்தின் பங்கு எவ்வளவு? இம்மூன்று வினாக்களுக்கும் முறையே விடை காண்போம்.

1. இயற்கையால் அமைந்த வேறுபாடு

இந்தியாவில் பெண்கள் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலான ஆண்டுகள் வாழ்கின்றனர். 2016 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் வாழ்நாள் ஆண்களுக்கு 68.6 ஆண்டுகள்; பெண்களுக்கு 71.4 ஆண்டுகள். இதனைக் கொண்டு பெண்கள் ஆண்களைவிட நலமுடன் இருக்கின்றனர் என்று முடிவு செய்தல் கூடாது. நீண்ட நாள் வாழ்தல் வேறு. நோயின்றி வாழ்தல் வேறு. ஆண்கள் உயிருக்கு இறுதி விளைவிக்கும் நோய்களாலும் விபத்துகளாலும் முன்னதாக மறைகின்றனர். பெண்கள் இரத்தசோகை, மூட்டுவலி, எலும்புத் தேய்வு, தைராய்டுக் கோளாறு போன்றவற்றைப் பல்லாண்டுகள் சுமந்தவாறே வாழ்கின்றனர்.

முதலில் இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும் குறையுமானால் அது இரத்தசோகை எனப்படும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது; ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு உள்ளது. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னேறிய நம் தமிழ்நாட்டிலும் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இக்குறையுடன் இருக்கின்றனர். அஃதாவது, இருவரில் ஒருவருக்கு மேல்.

காரணம் எளிது. மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்பால் பெண்ணுடல் இரும்புச் சத்தை இழக்கிறது. மகப்பேறும் அவ்விருப்பைக் குறைக்கிறது. ஆகவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பும் வேண்டும் என்று குறித்துள்ளன. அதே பரிந்துரை, உடலுழைப்புக் குறைந்த ஆணுக்கு 2110 கலோரியும் பெண்ணுக்கு 1660 கலோரியும் ஆற்றல் தேவை என்கிறது. இவ்விரண்டு கணக்கையும் சேர்த்து நோக்குக. பெண் குறைந்த அளவு உணவிலிருந்து கூடுதலான இரும்பைப் பெறவேண்டியவள் ஆகிறாள். ஆகையால் அவள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் சத்துள்ளதாக இருத்தல் வேண்டும். எஞ்சிய சோறும் அடிக்குழம்பும் அவளுக்குரிய உணவு ஆகா.

அடுத்தது எலும்பு. பெரும்பாலான இந்தியப் பெண்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து விரைந்து குறைகிறது. ஆண்களுக்கும் முதுமையில் எலும்பு தேய்வதுண்டு. ஆனால் மெல்ல மெல்லத் தேயும். ஆண், பெண் இருபாலார்க்கும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். குளியலறையில் வழுக்கி விழும் மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவதும், அதே வயதுடைய பெரியவர் சிராய்ப்புடன் எழுந்துவிடுவதும் பல இல்லங்களில் காண்பனவே. முறிவுக்கு வழுக்கல் மட்டும் காரணமன்று. இருபதாண்டுகளாகக் குறைந்துவந்த எலும்பின் வலிமையும் காரணமாகும்.

மூன்றாவது இதயம். மாரடைப்பு ஆண்களின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆண்களுக்கு அது ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாக வருகிறது என்பது மெய்யே. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் அந்த ஆபத்து உயர்ந்துவிடுகிறது. நெஞ்சுவலி இருபாலார்க்கும் பொதுவான அறிகுறி. ஆயினும் பெண்களுக்கு அதனுடனோ, அஃதின்றியோ மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாக் களைப்பு, தாடை அல்லது முதுகில் வலி ஆகியவை தோன்றுவது மிகுதி. "வாயுத் தொல்லை" என்று பெருங்காயமும் ஓமநீரும் கொடுத்துக் காலம் தாழ்த்துவதால் இழப்பு நேர்கிறது. இவ்வறிகுறிகள் தோன்றின் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

2. பழக்கத்தால் அமைந்த வேறுபாடு

தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கிறோம். அப்பெயருக்கு உரிய காசநோய் மருத்துவமனையை 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து என்னும் மருத்துவர் நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொண்டாற்றுகிறது. நம் பகுதியின் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்ட இந்நோய், ஆண் பெண் வேறுபாட்டுக்கும் ஒரு சான்றாகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022இல் உலகில் காசநோய்க்கு ஆளானோரில் 55 விழுக்காட்டினர் ஆண்கள். 33 விழுக்காட்டினர் பெண்கள். எஞ்சிய 12 விழுக்காட்டினர் குழந்தைகள்.

ஆண்கள் மிகுதியாக இருப்பதற்குப் புகைப்பழக்கமும் மதுவும் முக்கிய காரணங்கள். முற்கூறிய குடும்பநல ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்ட இந்திய ஆண்களில் 38 விழுக்காட்டினரும் பெண்களில் 8.9 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர் என்கிறது. மது அருந்துவோர் ஆண்களில் 18.8 விழுக்காடு, பெண்களில் 1.3 விழுக்காடு. மது, மது, மது என்று மூன்று முறை சொன்னாலும் குறையாத தீங்கு இது. மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் நீக்குவதே சிராவகனுக்கு முதற்படி என்று நாம் பாடசாலையிலேயே பயின்றோம். அந்த முதற்படியை நம் ஆண்மக்கள் வழுவாது காத்தால், வாழ்நாளில் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதி தானே குறைந்துவிடும். விரதம் மறுமைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காசநோய்க்கு மற்றொரு காரணம் சத்துக்குறைவு. சார்க்கண்டு மாநிலத்தில் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளியின் இல்லத்தில் உடன் வாழ்வோர்க்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கப்பெற்றன. அவ்வில்லங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. உணவே மருந்தாதல் கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஆணாயினும் பெண்ணாயினும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் கடமை. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மணமாகாத மகளுக்கு இந்நோய் என்று தெரிந்தால் ஊரார் என்ன சொல்வரோ என்று மறைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. முறையாக மருந்துண்டால் குணமாகும் நோயை மறைத்து வளர்ப்பது அறியாமை.

சாலை விபத்துகளில் உயிர் இழப்போரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆண்கள். தற்கொலையால் இறப்போரிலும் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்று 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் கணக்குக் காட்டுகிறது. துயரத்தை வாய்விட்டுச் சொல்லுதல் ஆண்மைக்கு இழுக்கு என்று சிறுவயது முதற்கொண்டு கற்பிப்பதன் விளைவும் இதில் உண்டு. கடன், வேலையிழப்பு, பணி ஓய்வு ஆகிய காலங்களில் வீட்டு ஆண்மகன் பேச்சைக் குறைத்துத் தனித்திருந்தால், அதனையும் காய்ச்சலைப் போலக் கவனித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

பெண்களின் பழக்கக் குறை வேறு வகையது. 2024இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 2022இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று மதிப்பிட்டது. "காலை முதல் இரவு வரை வீட்டில் நின்றுகொண்டே இருக்கிறோமே, அது போதாதா?" என்று பெண்மக்கள் கேட்பர். நிற்பதும் அடுப்படியில் திரும்புவதும் களைப்பைத் தரும். இதயத்துக்கும் எலும்புக்கும் வேண்டிய பயிற்சியைத் தாரா. வாரத்துக்கு 150 நிமிட நேரமேனும் விரைந்த நடை வேண்டும். கிராமத்தில் கிணற்றுக்கும் கழனிக்கும் நடந்த நம் பாட்டிமார்க்கு அது தனியே தேவைப்படவில்லை. அடுக்ககத்தில் வாழும் பேத்திக்குத் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்கள் என்பதையும் நினைவிற் கொள்க. ஒரே உடலில் மிகை எடையும் இரத்தசோகையும் கூடியிருத்தல் இயலும். பருமனைக் கண்டு சத்துண்டு என்று மயங்குதல் கூடாது.

3. இல்லத்தால் அமைந்த வேறுபாடு

மூன்றாம் வினாவே நம் சமுதாயத்தார் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. 2024ஆம் ஆண்டு நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடும் நேரம் 88 நிமிடம். அலுவலகம் சென்று மீளும் பெண்ணுக்கும் இப்பாரம் பெரிதும் குறைவதில்லை. அவள் உறக்கத்திலும் ஓய்விலும் உணவிலும் அந்த நேரத்தை ஈடுசெய்கிறாள்.

அகிம்சாணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அவற்றைக் கூறுகிறது. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும் இதே கருத்தை வகுத்துரைக்கிறது. நம் தமிழில் அதன் வழிவந்த அருங்கலச்செப்பை இளமையில் பயின்றோர் பலர் இன்றும் இருக்கின்றனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் உரிய காலத்தில் கிடைக்காமற் செய்தல் என்பன அவ்வைந்து. வண்டி மாட்டையும் ஏவலாளரையும் எடுத்துக்காட்டி ஆசிரியர்கள் நமக்கு இதனை விளக்கினர். இன்று நம் வீடுகளில் வண்டி மாடும் இல்லை. ஏவலாளரும் பெரும்பாலும் இல்லை. அதனால் நான்காவதும் ஐந்தாவதும் நமக்குப் பொருந்தா என்று கருதிவிடலாமா?

விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, நீர் வடிகட்டி, மூன்று வேளைக்கும் சமைத்து, பிள்ளைகளையும் பெரியோரையும் கவனித்து, இரயிலேறிப் பணிக்குச் சென்று திரும்பும் பெண்ணின் மீது இருப்பது அளவான பாரமா? எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பதும், எஞ்சாதபோது மோருடன் நிறுத்திக்கொள்வதும் உரிய காலத்தில் உணவு பெறுவதாகுமா? எவரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே விரும்பி அவ்வாறு செய்கிறாள் என்று விடை கூறலாம். கவனமின்மையால் பிற உயிருக்கு ஊறு நேர்வதும் இம்சையே என்று நம் சாத்திரம் கூறுகிறது. கையால் தடுத்தல் ஒன்றே தடுத்தல் ஆகாது. பல்லாண்டு கண்டும் காணாதிருத்தலும் அதற்கு நிகரானதே. எறும்புக்கு ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடக்கும் நாம், உடன் வாழும் உயிரின் வெளுத்த நகக்கண்ணையும் நோக்குதல் கடமையன்றோ?

4. பொழுது சாய்வதும் இரயில் வருவதும்

இரவு உண்ணாமை நம் குலத்தின் அடையாளம். சூரியன் மறையுமுன் உண்டு முடித்தால் உறங்குமுன் செரிமானம் நிறைவுறும், நெஞ்செரிச்சல் குறையும். ஆயினும் புறநகர் வாழ்க்கையில் இந்நோன்பு ஆணையும் பெண்ணையும் வேறுவேறாகத் தாக்குவதைக் காண்கிறோம்.

சென்னையில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைவது மாலை 6.40 மணி அளவில். நவம்பர் இறுதியில் 5.40 மணி அளவிலேயே மறைந்துவிடுகிறது. 1931 முதல் மின்சார இரயில் ஓடும் கடற்கரை – தாம்பரம் தடத்தில், கோட்டையிலோ எழும்பூரிலோ பணி முடித்து ஐந்தரை மணிக்கு ஏறுபவர் தாம்பரத்தில் இறங்கும்போது ஆண்டின் பல மாதங்களில் இருட்டிவிடும். இந்நிலையில் ஆண்கள் பலர் அலுவலக உணவகத்தில் மாலையிலேயே எதையேனும் உண்டுவிடுகின்றனர். அல்லது நோன்பைத் தளர்த்திக்கொள்கின்றனர். பெண்கள் நோன்பையும் விடுவதில்லை, உண்பதும் இல்லை. பகல் ஒரு மணிக்கு உண்ட சிறு டப்பாவுக்குப் பின் மறுநாட்காலை வரை ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் வெறும் வயிறு. அதனுடன், வழியில் தூய்மையான கழிப்பிடம் இல்லை என்பதால் நீரையும் குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு மிகுதியாதற்கு உடலமைப்பு ஒரு காரணம். நீர் குறைத்தல் மற்றொரு காரணம்.

நோன்பு இருக்கட்டும், உணவும் இருக்கட்டும். வழி எளிது. பணிக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் இரண்டாவது டப்பா ஒன்றை எடுத்துச் செல்க. மாலை ஐந்து மணிக்கு அதனை நொறுக்குத்தீனியாகக் கருதாது முழு உணவாகவே உண்க. கேழ்வரகு அடை, பயறுச் சுண்டலுடன் இட்லி, கீரைச் சப்பாத்தி ஆகியவை மாலை வரை கெடாதிருக்கும். அந்த இரண்டாவது டப்பாவைக் கட்டுவது யார் பொறுப்பு என்பதில்தான் இல்லத்தின் அகிம்சை வெளிப்படும். அதுவும் அவள் தலையிலேயே விழுமானால், உணவு தந்து பாரம் ஏற்றியவர்களாவோம்.

5. நோன்பும் ஆற்றலும்

அட்டமி, சதுர்த்தசி, தசலட்சணப் பருவம், நந்தீசுவர நாட்கள் ஆகியவற்றில் உபவாசம் இருப்போரில் பெண்களே மிகுதி. இது போற்றுதற்குரியது. ஆனால் தீர்த்தங்கர நாமகர்மத்துக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறும்போது, தியாகத்தையும் தவத்தையும் "சக்திக்கேற்ப" என்னும் அடைமொழியுடன் கூறுவதை நாம் கவனித்தல் வேண்டும். ஆற்றலை மறைத்துச் சோம்பியிருத்தலும் கூடாது. ஆற்றலுக்கு மீறி உடலை அழித்தலும் கூடாது. புறத்தவம் ஆறனுள் உணவு முற்றும் நீக்கல் ஒன்றே. வயிறு நிறையுமுன் நிறுத்தலும், சுவைப்பொருள் துறத்தலும் அவற்றுள் அடங்கும். ஆகவே முழு உபவாசம் இயலாதவர்க்கு வேறு வாயில்கள் திறந்தே உள்ளன.

கருவுற்றோர், பாலூட்டுவோர், ஹீமோகுளோபின் குறைந்தோர் ஆகியோர் முழு உபவாசத்தைத் தவிர்த்து, ஒருவேளை இனிப்பையோ நெய்யையோ துறத்தலைக் கைக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆபத்து. மருந்தின் வேகத்தில் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன என்கிறது. நம் இல்லங்கள் இக்கணக்குக்கு விலக்கல்ல. நீரும் அருந்தாது நோற்போருள் சிறுநீரகக் கல் உடையவர்கள், குறிப்பாக ஆண்கள், கோடைக்காலத்தில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

6. நாள்தோறும் செய்யத்தக்கவை

அ. இரும்பு: பயறு, கொண்டைக்கடலை, கம்பு, எள், கீரை, பேரீச்சை ஆகியவற்றில் உள்ளது. தாவர இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் ஒன்றை உணவுடன் சேர்த்தால் ஏற்பு மிகும். காபியும் தேநீரும் அதனைத் தடுக்கும்; உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அருந்துக. மழைக்காலத்தில் கீரையை நீக்கும் இல்லத்தார் பயறும் எள்ளும் கூட்டிக்கொள்க. கிழங்கு வகைகளை நீக்குவதால் இரும்புக்குக் குறை நேராது.

ஆ. சுண்ணாம்பு: அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 600 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலும் கால்சியம் உள்ளது. வீட்டில் பால் குறையும் நாளில் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் கொடுத்து நிறுத்துவது வழக்கம். ஐம்பது கடந்த பெண்ணுக்கே அது மிகுதியும் தேவை.

இ. பி12: இந்த உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை, நமக்குப் பால், தயிரால் மட்டும் கிடைக்கிறது. குறைந்தால் கால் மரத்தல், மறதி, சோகை ஆகியவை இருபாலார்க்கும் தோன்றும். இரத்தப் பரிசோதனையால் அறியலாம். பி12 மருந்து நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. பிராணியின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஜெலட்டின் உறையிட்ட கேப்சூல்களைத் தவிர்க்க விரும்புவோர் மருந்துக் கடையில் மாத்திரை வடிவைக் கேட்டுப் பெறுக. கேப்சூலைக் காரணம் காட்டி மருந்தையே நிறுத்துதல் வேண்டா.

ஈ. பரிசோதனை: முப்பது வயது கடந்த ஆணும் பெண்ணும் ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்க. பெண்கள் மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளையும் செய்துகொள்க. புகையிலைப் பழக்கம் இருந்த ஆண்கள் வாயைப் பரிசோதித்துக்கொள்க. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவற்றுக்கு வசதி உண்டு. கணவனும் மனைவியும் ஒரே நாளில் செல்லுதல் நலம். "எனக்கு ஒன்றுமில்லை, அவரைப் பாருங்கள்" என்று மனைவியும், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கணவனும் கூறித் தட்டிக்கழித்தல் அவ்வாறு தவிர்க்கப்படும்.

உ. நடை: சிட்லபாக்கம் ஏரிக்கரையிலோ தெரு ஓரத்திலோ நாளொன்றுக்கு அரைமணி நேரம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து நடந்தால் இரண்டு நன்மை.

ஊ. பங்கு: சமைத்தவுடன் எல்லாருக்கும் பங்கு எடுத்து வைத்துப் பின் பரிமாறுக. விடுமுறை நாட்களில் பொழுது சாயுமுன் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்க. பரிமாறுவோரும் உடன் அமர்க.

7. வையாவிருத்தியம் என்னும் அகத்தவம்

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. நோயுற்ற துறவியர்க்குச் செய்யும் பணிவிடை அதனுள் சிறப்பாகக் கூறப்பட்டது. முனி, ஆர்யிகை, சிராவகர், சிராவகி என்னும் நால்வகைச் சங்கத்தில் சிராவகியும் ஓர் உறுப்பு. நான்கு தானங்களுள் ஆகாரமும் ஔஷதமும் உள்ளன. கோயிலில் ஆகாரதானத்துக்கு நன்கொடை எழுதும் கை, இல்லத்தில் மனைவியின் தட்டில் ஒரு கரண்டி பருப்பை முதலில் இடுமானால் அதுவும் அத்தானத்தின் நிழலில் நிற்கும். தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகன், தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் தமையன், மாலை டப்பாவைக் கட்டும் மாமனார் ஆகியோர் செய்வது உதவி என்று சிறிதாக எண்ணற்க. அது தவம்.

பெண்மக்களுக்கும் ஒரு சொல். தன் பசியை மறைப்பது தியாகம் என்று நம்மைப் போன்ற மூத்தோர் உங்களுக்குக் கற்பித்திருக்கலாம். எல்லா உயிர்க்கும் இரங்குக என்னும் ஆணையில் தன் உயிரும் அடங்கும். அதனை நீங்கள் கடைப்பிடித்தால் உங்கள் பெண்மக்கள் கண்டு கற்பர்.

பயிற்சி வினாக்கள்

1. ஆணைவிடப் பெண்ணுக்கு உணவு குறைவாகவும் இரும்பு கூடுதலாகவும் தேவைப்படுவது ஏன்?

2. உங்கள் இல்லத்தில் நேற்று இறுதியாக உண்டவர் யார்? அவர் தட்டில் என்ன இருந்தது?

3. அகிம்சாணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுக. நான்காவதும் ஐந்தாவதும் இன்றைய இல்லத்தில் எவ்வாறு நேர்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

4. வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளை ஒரு தாளில் எழுதுக. எழுத இயலாத இடங்களை அடுத்த மாதத்துக்குள் நிரப்புக.

5. வரும் சதுர்த்தசியன்று உங்கள் ஆற்றலுக்கு ஏற்ற தவம் எது என்பதைக் குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்க.

இவ்வினாக்களுக்கு விடையைத் தனித்தனியே எழுதாமல், ஞாயிறு மாலை உணவுக்குமுன் கூடியமர்ந்து பேசுதல் நலம். அப்பேச்சு முடிந்தபின் பரிமாறும் முறை மாறுமானால் இப்பாடம் பயன் பெற்றதாகும்.

வாழ்க ஜினநெறி.